ஏற்காட்டுக்கு இரண்டு லிட்டர்

சேலத்து ஷோரூமில் மேனேஜர் தண்டபாணி, வாடிக்கையாளர்கள் முன்னாலேயே மெக்கானிக் செல்லக்கிளியிடம் ஒரு விளம்பரத் தாளை நீட்டினார்.

"அஞ்சு பேரோட, ஏசி போட்டு மலையேறினாலும் இந்தச் சின்னக் கார் லிட்டருக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர் ஓடும். பின்சீட்டுல மூணு பேர் தாராளமா உட்காரலாம். ஓட்டிப் பார்த்தேன்னு கையெழுத்துப் போடு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"ஓட்டிப் பார்த்துட்டே போடறேன் சார்."

செல்லக்கிளி காரின் காலி டேங்கில் இரண்டு லிட்டர் பெட்ரோல் அளந்து ஊற்றினாள்.

"ஏற்காடு போய்வர அம்பத்தாறு கிலோமீட்டர். உங்க கணக்குக்குச் சரியா இருக்கு. பின்சீட்டு நடுவுல உங்களுக்குத்தான் இடம். ஏறுங்க."

தண்டபாணிக்கு வியர்த்தது. "நடுமலையில நின்னுட்டா? இன்னும் அஞ்சு லிட்டர் ஊத்து!"

வாடிக்கையாளர்கள் சிரித்தே விட்டார்கள்.

செல்லக்கிளி தாளைத் திருப்பி நீட்டினாள். "அம்பத்தாறு கிலோமீட்டருக்கு ஏழு லிட்டர். லிட்டருக்கு எட்டுன்னு திருத்திக் குடுங்க சார், இப்பவே கையெழுத்துப் போடறேன்."