மன்னர் கையிலிருந்து பறித்த வெற்றிலை

முன்னொரு காலத்தில், ராஜா தும்மினாலும் அதற்கொரு வாழ்த்துப்பா பாடிய காலத்தில், ஒரு மன்னருக்குத் துணிச்சல் என்ற சொல்லே வேப்பங்காயாகிவிட்டது. காரணம் அவருடைய சபைதான். தூறலில் நடந்தால், "என்ன துணிச்சல், மன்னா!" என்பார்கள். பச்சைமிளகாயைக் கடித்தால் அதற்கும் துணிச்சல். வெந்நீரில் கால் வைத்தாலும் அதே பாட்டு. மனிதர் எத்தனை நாள்தான் பொறுப்பார்?

"இனி இந்தச் சபையில் எவர் அந்தச் சொல்லைச் சொன்னாலும், அதன் பொருளை என் கண்முன் செய்து காட்ட வேண்டும். தவறினால் நாட்டைவிட்டே போக வேண்டும்!" என்று கத்திவிட்டு உட்கார்ந்தார்.

விகடன் குப்பாண்டி அப்போது சபையில் இல்லை. தாமதமாக வந்தவனிடம், அவன்மேல் நெடுநாளாகப் பொறாமை கொண்டிருந்த தலைமைப் புலவர் கனகசபேசர் குழைந்தார்.

"குப்பாண்டி, அஞ்சாமல் ஒன்றைச் செய்வதற்கு ஒரு சொல் உண்டே, நாக்கு நுனியில் நிற்கிறது..."

"துணிச்சல், புலவரே. இதுகூடவா மறந்துவிட்டது?"

"அகப்பட்டான், மன்னா!" என்று துள்ளினார் புலவர்.

மன்னரின் ஆணை குப்பாண்டிக்கு அப்போதுதான் தெரிந்தது. வீட்டில் மனைவி நிறைமாதம். அவளை அழைத்துக்கொண்டு எந்த நாட்டுக்குப் போவது?

"செய்து காட்டு, இல்லையேல் கிளம்பு," என்றார் மன்னர் சலிப்போடு. அவர் கையில் அப்போதுதான் மடித்த வெற்றிலை இருந்தது.

குப்பாண்டி படியேறினான். அந்த வெற்றிலையைப் பறித்து வாயில் போட்டு மென்றான்.

மன்னர் துள்ளி எழுந்தார். "என்ன துணிச்சல் உனக்கு!"

குப்பாண்டி மென்றதை அவசரமாக விழுங்கினான்.

"காட்டிவிட்டேன், மன்னா," என்றான் குப்பாண்டி. "தங்கள் வெற்றிலையைத் தாங்கள் மென்றால் அது வெறும் வெற்றிலை போடுவது. நான் மென்றதும் அந்தச் சொல் தங்கள் திருவாயிலிருந்தே வந்துவிட்டது. இனித் தாங்களும் பொருள் காட்டியாக வேண்டுமே! அந்தச் சிரமம் எதற்கென்று இருவருக்கும் சேர்த்தே காட்டிவிட்டேன்."

கோபமாக நின்ற மன்னருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. தம் பட்டுச் சால்வையை எடுத்துக் குப்பாண்டிக்குப் போர்த்தினார்.

புலவருக்குப் பொறுக்கவில்லை. "இவன் துணிச்சலுக்குச் சால்வையா..." என்றவர், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"நீரும் காட்டும்," என்று மன்னர் வெற்றிலைத் தட்டை நீட்டினார். "எடும்."

புலவர் குனிந்து, இரண்டு கைகளாலும் பணிவோடு எடுத்துக்கொண்டார்.

மன்னர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "நான் எடும் என்றதும் எடுத்துவிட்டீரே, ஐயா! நாட்டைவிட்டுப் போக வேண்டாம். முதலில் என் கண்ணைவிட்டுப் போம்!"