ஓட்டை இல்லாத டயர்

துவரங்குறிச்சிக்கு வெளியே, நான்குவழிச் சாலையோரம் நூர்ஜகானின் பஞ்சர் கடை. அவளிடம் தொழில் கற்க வந்த தேவசகாயம் அவளைவிட மூத்தவர். சர்க்கரை நோய் வந்து லாரி ஓட்டுவதை விட்டவர். அவர் அவளை வாத்தியாரம்மா என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். நரைத்த மாணவனுக்கு எப்போது பாஸ் போடப் போகிறீர்கள் என்று டிரைவர்கள் அவளைச் சீண்டுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவருக்குப் பாஸ் வேண்டாம். ஒரு சொல் வேண்டும். திசையன்விளையில் இருக்கும் அக்கா தன்னை மறுபடியும் 'ஏல' என்று உரிமையோடு கூப்பிட வேண்டும்.

தாயில்லாத வீட்டில் அவரை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள். லாரி அவரை ஊர் ஊராகக் கொண்டுபோனது. இருக்கிறாள்தானே, எங்கே போய்விடப் போகிறாள் என்று இருந்துவிட்டார். இந்தக் கிறிஸ்துமஸுக்குப் போன் செய்தபோது அக்கா சொன்னாள், "சொல்லுங்க, நல்லா இருக்கீங்களா?"

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அன்றைக்கு அவர் தூங்கியிருப்பார்.

அதிலிருந்து அவர் தேட ஆரம்பித்தார். எந்தக் கல்யாணத்தில் என்ன சொன்னோம், யார் எதைக் கோள் மூட்டினார்கள் என்று வேலைக்கு நடுவில் நூர்ஜகானிடம் ஒவ்வொன்றாய் எடுத்துப் போடுவார். ஒன்றும் பொருந்தாது. ஒருநாள் நேராகவே கேட்டார்.

"தப்பு எதுன்னு தெரிஞ்சா போய்க் கால்ல விழுந்துருவேன். எதுன்னே தெரியலயே வாத்தியாரம்மா. எப்படிக் கண்டுபிடிக்கது?"

அப்போது ஒரு வேன் நொண்டிக்கொண்டு வந்து நின்றது. பின்டயர் கிழிந்து நார் தெரிந்தது. அதை இனி ஒட்ட முடியாது. டிரைவர் ஸ்டெப்னியை இறக்கினான். புது டயர், ரோட்டையே பார்க்காதது. ஆனால் காற்று இல்லாமல் சப்பையாகக் கிடந்தது.

நூர்ஜகான் அதில் காற்றை ஏற்றி தேவசகாயத்திடம் உருட்டிவிட்டாள்.

"ஓட்டை எங்கன்னு பாருங்கண்ணே."

அவர் தொட்டித் தண்ணீரில் அதை முக்கினார். மெல்லச் சுற்றினார். ஒரு குமிழிகூட வரவில்லை. வால்வில் எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தார். அது அப்படியே நின்றது. டயரில் ஆணி இல்லை, முள் இல்லை. மறுபடியும் முக்கினார். வெயில் தொட்டியை விட்டு நகர்ந்து போனது.

டிரைவருக்குப் பொறுமை போய்விட்டது. மாணவனுக்கு முதலில் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள் என்றான்.

"ஓட்டையே இல்ல வாத்தியாரம்மா," என்றார் தேவசகாயம். "பெறவு காத்து எங்க போச்சு?"

அவள் டிரைவரைப் பார்த்தாள். "இதுக்குக் கடைசியா எப்ப காத்து பாத்தீங்க?"

"என்னம்மா நீங்க. சும்மா மாட்டி வச்சிருக்க டயருக்கு யாராவது காத்து பாப்பாங்களா?"

தேவசகாயத்தின் கை தண்ணீருக்குள் நின்றது.

ஸ்டெப்னியை மாட்டினார்கள். வேன் போய்விட்டது. அவர் வெகுநேரம் தொட்டியின் அருகிலேயே உட்கார்ந்திருந்தார். தெற்கே, அக்கா ஊர்ப் பக்கம் போகும் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது. அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்தார்.

"போவலாம்தான்," என்றார். "என்ன சொல்லிட்டுப் போக? அங்க கல்யாணம் இல்ல, காச்சி இல்ல. இத்தன வருசம் கழிச்சு எதுக்கு வந்தீங்கன்னு கேட்டுட்டா?"

ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கவில்லை. பின்சக்கரத்தைக் கையால் காட்டினார். பஞ்சர் இல்லை. நூர்ஜகான் குனிந்து இரண்டு சக்கரத்துக்கும் காற்று பார்த்தாள். குறைந்த கொஞ்சத்தை ஏற்றினாள். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பிப் போனார்.

அவள் காற்றுக் குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டினாள்.

"எதுக்கு வந்தீங்கன்னு அவரை நான் கேட்டேனாண்ணே?"