மன்னர் துடுப்பு பிடித்து ஆடிய கதை

வெண்குன்றபுரி என்று ஒரு நாடு. எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள், கேட்டால் கதை ஓடாது. அந்த நாட்டு மன்னர் செங்கதிர்ப் பூபதிக்குப் பலகைப்பந்து என்றால் உயிர். நடுவில் ஒரு வலை கட்டியிருக்கும். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நெட்டித் தக்கையில் செய்த பந்தை மர மட்டையால் அடித்துக்கொள்ள வேண்டும். முதலில் பதினோரு புள்ளி எடுப்பவருக்கு வெற்றி.

மன்னர் தோற்றதே இல்லை. எதிராளிக்கு ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுத்ததில்லை. எதிரே ஆடுகிறவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்களே!

ஒரு நாள் அரசியின் தம்பி இளவேழன் ஆள் அனுப்பியிருந்தார். அவர் பக்கத்து நாட்டு மன்னர். "அத்தான், இன்னும் நான்கு நாளில் வருகிறேன். ஒரு ஆட்டம் போடுவோம்" என்று சேதி. செங்கதிருக்குத் தூக்கம் போயிற்று. மைத்துனன் ஜெயித்துவிட்டால் தீபாவளிக்குத் தீபாவளி சொல்லிக் காட்டுவானே!

உடனே புது மட்டைகள் மூன்று செய்யச் சொன்னார். வேங்கையில் ஒன்று, முருங்கையில் ஒன்று, பலாவில் ஒன்று. மூன்றையும் வைத்து ஆடிப் பார்த்தார். மூன்றிலும் பதினொன்றுக்குப் பூஜ்யம்.

"வேங்கை மட்டையில் பந்து பட்டாலே இடி மாதிரி இருக்கிறது, அரசே" என்றார் தளபதி மார்த்தாண்டன்.

"முருங்கை மட்டை கையில் இருப்பதே தெரியவில்லை" என்றார் அமைச்சர்.

"பலா?"

"அதுவும் பிரமாதம்" என்றார்கள் இருவரும்.

மன்னர் தலையைப் பிடித்துக்கொண்டார். தளபதி மெல்ல இருமினார். "நம் ஏகாம்பரத்தைக் கேட்டால் என்ன? அவருக்குத்தான் தெரியாததே இல்லையே."

ஏகாம்பரம் அவையின் விகடகவி. அவருடைய வாயைக் கண்டாலே தளபதிக்கு ஆகாது.

"சரி" என்றார் மன்னர். "ஏகாம்பரம், நாளை மறுநாள் ஆட்டத்துக்கு நல்ல மட்டையை நீ தேர்ந்தெடு. நீ தேர்ந்தெடுத்த மட்டை தோற்றால், அன்றே நீ நாட்டை விட்டுப் போய்விட வேண்டும்."

ஏகாம்பரம் விரல் விட்டு நாளை எண்ணிப் பார்த்தார். அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். பந்தலுக்குக்கூடச் சொல்லியாகிவிட்டது.

"உத்தரவு, அரசே. ஆனால் நான்காவதாக ஒன்று இருக்கிறது. அதிலும் ஒரு ஆட்டம் ஆடிவிடுங்கள்" என்றார். நேரே மடைப்பள்ளிக்குப் போனார். களி கிண்டுகிற துடுப்பை அவசரமாகக் கழுவி எடுத்து வந்து மன்னர் கையில் கொடுத்தார்.

மன்னர் துடுப்போடு நின்றார். எதிரே தளபதி. பதினொன்றுக்குப் பூஜ்யம்.

"எப்படி இருக்கிறது, தளபதி?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

"பிடி கைக்கு இதமாக இருக்கும் போலிருக்கிறது" என்றார் தளபதி வியர்வையைத் துடைத்தபடி. "பந்து சீறிக்கொண்டு வருகிறது. நல்ல துடுப்பு."

மன்னர் துடுப்பைப் பார்த்தார். அதன் விளிம்பில் கொஞ்சம் கேழ்வரகு காய்ந்திருந்தது. தளபதியைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"அடப்பாவிகளா! இத்தனை வருஷமாகவா விட்டுக்கொடுத்தீர்கள்?"

மன்னர் துடுப்பைக் கீழே வைத்தார். "ஏகாம்பரம், எனக்கு ஆடவே தெரியாதா?" என்றார் சின்னக் குரலில்.

"அது இதுவரை யாருக்கும் தெரியாது, அரசே. நாளை மறுநாள் தெரிந்துவிடும்."

இளவேழன் வந்து சேர்ந்தார். மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. அரசி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஏகாம்பரம் வெள்ளித் தட்டில் பலா மட்டையை ஏந்தி வந்தார். மன்னரைத் தாண்டிப் போய் இளவேழன் முன்னால் நின்றார்.

"இது நான் தேர்ந்தெடுத்த மட்டை. விருந்தாளிக்கு நல்லதைக் கொடுத்துவிட்டு மீதியை நாங்கள் வைத்துக்கொள்வதுதான் இந்த வீட்டு வழக்கம்."

அரசிக்கு முகமெல்லாம் சிரிப்பு. தம்பியால் மறுக்க முடியுமா? வாங்கிக்கொண்டார்.

"அப்படியானால் எனக்கு?" என்றார் மன்னர். ஏகாம்பரம் துடுப்பை நீட்டினார்.

ஆட்டம் நடந்தது. மன்னர் ஓடினார், விழுந்தார், எழுந்தார், முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். கடைசியில் பதினொன்றுக்கு மூன்று. இளவேழன் ஜெயித்தார்.

ஆனால் கூட்டம் ஆர்ப்பரித்தது மன்னருக்காக. "துடுப்பால் மூன்று புள்ளியா!" என்று வாயைப் பிளந்தார்கள். இளவேழன் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். களித் துடுப்பை ஜெயித்தேன் என்று ஊருக்குப் போய் யாரிடம் சொல்வது? "அத்தான், நடந்ததை வெளியே சொல்ல வேண்டாமே" என்றார்.

மன்னர் அதைக் காதில் வாங்கவே இல்லை. "மூன்று! மூன்றும் நானே எடுத்தது!" என்று அரசியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தளபதி முன்னால் வந்தார். "அரசே, தோற்றுவிட்டோம். உத்தரவுப்படி ஏகாம்பரம் இன்றே கிளம்ப வேண்டும்."

மன்னரின் முகம் வாடியது. சொன்ன சொல் சொன்னதுதானே.

"கிளம்புகிறேன்" என்றார் ஏகாம்பரம். "நான் தேர்ந்தெடுத்த மட்டை தோற்றால் போக வேண்டும் என்பதுதானே உத்தரவு? நான் தேர்ந்தெடுத்தது பலா மட்டை. அது தோற்றதா, தளபதி?"

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஏகாம்பரத்தின் மகள் கல்யாணச் செலவு முழுவதும் அரண்மனையுடையது என்றார். சிரித்து ஓய்ந்த பிறகுதான் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அது சரி, மூன்றில் பலாதான் நல்ல மட்டை என்று எப்படிக் கண்டுபிடித்தாய்?"

"நான் எங்கே மட்டையைப் பார்த்தேன், அரசே?" என்றார் ஏகாம்பரம். "ஆடத் தெரிந்த கை எது என்றுதான் பார்த்தேன்."