நெஞ்சுச் சளி பிடித்த மெஷின்

வெள்ளாங்குழிக்காரர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால், சொன்னதை அப்படியே செய்துவிடுவார்கள். சிக்கலே அதில்தான்.

அந்த ஊர் பஸ் ஸ்டாப் கம்பத்தில், காற்றில் எவ்வளவு புகையும் தூசியும் கலந்திருக்கிறது என்று அளக்கிற மெஷினை மாட்டினார்கள். பக்கத்தில் பெரிய போர்டு. மெஷின் அளப்பது வயர் இல்லாமலே போர்டுக்குப் போய்விடும். காற்று நன்றாக இருந்தால் பச்சை எரியும், கெட்டுப்போனால் சிவப்பு. ஊர்ச்சனம் தெரிந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு. மாட்ட வந்த அதிகாரி, "மெஷினைச் சுத்தி ஒரு குப்பையும் இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். பொறுப்பு ஊர்க்காரர் தங்கப்பழத்தின் தலையில் விழுந்தது. ஒத்தாசைக்கு அவர் மைத்துனன் சொரிமுத்துவும் டீக்கடை கோமதிநாயகமும்.

தங்கப்பழத்துக்கு அந்தப் போர்டால் சொந்தக் கவலையும் ஒன்று இருந்தது. ஒரே மகள் பேச்சிக்கனி, வளைகாப்பு முடிந்தும் மேலக்கரட்டில் மாமியார் வீட்டிலேயே இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே நடக்க வேண்டும்? ஆனால் சம்பந்தியம்மா ராசகனி கறாராகச் சொல்லிவிட்டாள்: "அண்ணாச்சி, வாயும் வயிறுமா இருக்க பிள்ளையப் புகைக்குள்ள அனுப்ப மாட்டேன். ஒங்க ஊர் போர்டு என்னைக்குப் பச்சை காட்டுதோ, அன்னைக்கு வந்து கூட்டிட்டுப் போங்க." மகளுக்காகப் புதுக்கயிறு போட்டு வைத்திருந்த கட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் தங்கப்பழத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஆகவே அதிகாரி சொன்னது சொன்னபடி நடந்தது. விடிந்ததும் மூவரும் மெஷினைச் சுற்றிக் கிடந்த சருகு, காகிதம், பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கி, கம்பத்தடியிலேயே குவித்து, துணுக்கு மிச்சமில்லாமல் கொளுத்தினார்கள். போர்டு சிவந்தது.

"இன்னும் எங்கயோ குப்பை கெடக்குவே" என்றார் தங்கப்பழம்.

ஊர் முழுக்கத் தேடி அள்ளி வந்து அதையும் கொளுத்தினார்கள். போர்டு இன்னும் சிவந்தது. மூவரும் எரிகிற கண்ணைக் கசக்கிக்கொண்டு கூடி யோசித்தார்கள்.

"அத்தான், மெஷினுக்குச் சளி பிடிச்சிருக்கு" என்றான் சொரிமுத்து.

"எப்படிலே சொல்லுத?"

"உள்ள கொர்ர்ருன்னு இழுக்குல்லா."

கோமதிநாயகம் ஏணி போட்டு ஏறி, காதை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "ஆமாவே. நெஞ்சுச் சளி. முத்திப் போச்சு."

நெஞ்சுச் சளிக்கு நொச்சி ஆவிதானே? டீக்கடை அண்டாவைக் கம்பத்தடிக்குத் தூக்கி வந்து, ஈர விறகை மூட்டி, நொச்சி இலையைப் போட்டுக் கொதிக்கவிட்டு, மெஷினுக்குக் கம்பளி போர்த்தினார்கள். ஆவியோடு விறகுப் புகையும் கம்பளிக்குள் ஏறியது. போர்டில் சிவப்பு போய் ஊதா வந்தது. ஊதாவைப் பற்றி அதிகாரி ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

தங்கப்பழம் அழாத குறையாக அவருக்குப் போன் போட்டார். "ஐயா, நாங்களும் செய்யாத வைத்தியம் இல்ல."

"வைத்தியமா? யோவ், மெஷின் நிக்கிற இடத்துல காத்து நல்லா இருந்தா பச்சை காட்டும். அவ்வளவுதான்யா!"

போனை வைத்தபோது தங்கப்பழத்தின் முகம் மலர்ந்திருந்தது. "ஏல சொரிமுத்து, நல்ல காத்து வீசுற இடத்துல கொண்டு நிப்பாட்டணுமாம்!"

"நல்ல காத்து எங்க அத்தான் இருக்கு?"

"எம் மக இருக்க ஊருலதான்!"

மெஷினைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றி, மேலக்கரட்டுக்குக் கொண்டுபோய் ராசகனி வீட்டு வேப்பமரத்தில் கட்டினார்கள். மலைக்காற்று சிலுசிலுவென்று வீசியது. வெள்ளாங்குழியில் போர்டுக்குக் காவலிருந்த கோமதிநாயகம் போனில் கத்தினார்: "பச்சைவே! கிளிப்பச்சை!"

ராசகனி லேசில் நம்புகிறவள் இல்லை. போர்டைப் போனிலேயே காட்டச் சொல்லி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். பச்சைதான்.

"சொன்ன சொல்லு மாற மாட்டேன் அண்ணாச்சி. ஒங்க ஊருக் காத்து சுத்தமாயிட்டு, பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க. மெஷின் மட்டும் இங்கயே கெடக்கட்டும். அங்க கொண்டுபோனா மறுபடி கெட்டுப்போயிரும்."

"அதுவும் நியாயந்தான் மைனி" என்றார் தங்கப்பழம், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பேச்சிக்கனி வருகிறாள் என்று கோமதிநாயகம் தெருவையே கூட்டி, பஸ் ஸ்டாப்பில் குவித்துக் கொளுத்தி வைத்திருந்தார். அவள் ஆட்டோவை விட்டு இறங்கியதும் லொக்கு லொக்கென்று இருமினாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

தங்கப்பழம் பதறிப்போய் நிமிர்ந்து போர்டைப் பார்த்தார். பச்சை. புகையைப் பார்த்தார். மறுபடியும் போர்டைப் பார்த்தார். சட்டென்று விஷயம் பிடிபட்டது. சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டார்.

"மைனி, வேப்பமரத்தடிக்கு ஓடுங்க! மெஷின்கிட்ட எவனோ பீடி குடிக்கான், இங்க எம் பிள்ளை இருமுதா!"

ராசகனி போனும் கையுமாக ஓடினாள். மரத்தடியில் ஒருவரும் இல்லை. ஆனாலும் பேரப்பிள்ளை விஷயம் ஆயிற்றே என்று விசிறியை எடுத்து மெஷினுக்கு மூச்சுமுட்ட வீசினாள்; வீசுவதைப் போனிலும் சொன்னாள். இங்கே பேச்சிக்கனி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இருமல் நின்றது.

"நின்னுட்டு மைனி, நின்னுட்டு!" தங்கப்பழம் போனைப் பார்த்தே கும்பிட்டார். "நீங்க நல்லா இருக்கணும். பிள்ளை பெறக்கற வரைக்கும் வீசுற கையை மட்டும் நிப்பாட்டிராதீங்க!"