இலையில் உட்கார்ந்த இருபது பேர்

மைனாவின் மூக்குக்கு மஞ்சள் நிறம் வருவதற்கும் முந்தைய காலம் அது. ஏழுகரை நாடு என்று ஒரு நாடு. அந்த நாட்டு அரண்மனைப் பந்தியில் இலை போட்டுப் பரிமாறுகிறவள் செண்பகவடிவு.

அவளைப் போல மறதிக்காரியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் எடுக்கப் போவாள், குடத்தை ஆற்றங்கரையிலேயே விட்டுவிட்டு வருவாள். மூக்குத்தியைக் காணோம் என்று ஊரைக் கூட்டுவாள், அது மூக்கிலேயே இருக்கும். ஆனால் பந்தியில் நின்றால் வேறு ஆள். இருபது பதார்த்தத்தில் ஒன்றுகூட இடம் மாறாது. கண்ணைக் கட்டிவிட்டாலும் உப்பு அதற்குரிய மூலையில்தான் விழும். அதை யாரும் கெட்டிக்காரத்தனம் என்று சொன்னதில்லை. அவளே நினைத்ததில்லை. அவள் புருஷன் அரண்மனைச் சமையற்காரர். அவர் சமைப்பார், அவள் பரிமாறுவாள், எல்லாரும் சாப்பிட்ட பிறகு கடைசிப் பந்தியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

ராஜகுமாரியின் கல்யாணத்தன்று, மலைக்கோட்டை மந்திரவாதி கரிமேகன் விருந்துக்கு வந்தான். முதல் வரிசையில் இருந்தவர்கள் எழுந்து, "வாங்க... வாங்க..." என்று இழுத்தார்கள். ஒருவருக்கும் அவன் பேர் ஞாபகம் வரவில்லை. கரிமேகனுக்கு முகம் கறுத்துவிட்டது. உள்ளேயிருந்து சமையற்காரர் கரண்டியோடு ஓடி வந்தார்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. ஒரு வாய் பாயசம் சாப்பிடுங்க."

கரிமேகன் மந்திரக்கோலைச் சுழற்றினான். வரிசையில் இருந்த இருபது பேரும் மைனா ஆனார்கள். இருபத்தோராவது மைனா, பாவம், சமையற்காரர்.

"என் ஒரு பேரை மறந்தீங்க இல்ல? இந்த இருபத்தோரு ஆளோட பேரையும் உட்கார்ந்த வரிசைப்படி என் கோட்டையில வந்து சொல்லுங்க, விட்டுடறேன். வாசலை மிதிச்சதும் நாக்குக்குப் பழகாத பேரெல்லாம் உதிர்ந்துபோகும். எழுதிக் கொண்டுவந்தா எழுத்தும் உதிர்ந்துபோகும். ஒரே ஆள், மூணு பௌர்ணமிப் பகல், மூணே தடவை. மூணாவதும் தப்பினா இவங்க சாகுறவரைக்கும் மைனாதான், சொல்ல வந்த ஆளும் மைனா!"

மைனாக்களைக் கூண்டுகளில் அடைத்து எடுத்துக்கொண்டு அவன் போனதும், மந்திரிக்கு முதுகுவலி வந்துவிட்டது. ஆஸ்தானப் புலவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. செண்பகவடிவு முன்னால் வந்தாள்.

"நான் போறேன்."

"குடத்தை மறக்கிறவளா?" என்று சபையே சிரித்தது.

"என் வீட்டுக்காரர் அங்க கூண்டுல இருக்காரு. உங்கள்ல யாருக்கு என்னைவிட அவசரம்?"

சிரித்தவர்களே விலகி வழிவிட்டார்கள்.

பேர்களையும் வரிசையையும் ஊராரிடம் கேட்டுக்கொண்டாள். பௌர்ணமிக்கு முந்தைய நாள் முழுக்கச் சோறு தண்ணீர் இல்லாமல், ராத்திரி கண்ணும் மூடாமல் ஒப்பித்தாள். விடிந்ததும் ஏறினாள், ஏறினாள், மலை ஏறினாள். கோட்டை வாசலை மிதித்தாள். முற்றத்தில் மைனாக்கள் "கரிமேகரே பெரியவர், கரிமேகரே பெரியவர்" என்று கத்திக்கொண்டிருந்தன. பாராட்டைக்கூடக் கூண்டில் அடைத்துத்தான் வாங்க வேண்டும் என்றால் அது என்ன பிழைப்போ! ஆறு பேர் சொன்னாள். ஏழாவது பேர் வரவில்லை.

"ஒண்ணு போச்சு," என்றான் கரிமேகன்.

பாதி மலையில் உட்கார்ந்து அழுதாள். அங்கே ஓர் அணில் மண்ணைத் தோண்டிக் கடலை புதைத்துக்கொண்டிருந்தது.

"எதுக்கு அழுவுற?"

"இருபத்தோரு பேர் என் தலையில நிக்க மாட்டேங்குது."

"என் தலை உன் கட்டைவிரல் அளவு. நூத்தம்பது கடலை புதைச்சு வெச்சிருக்கேன், ஒண்ணு தப்பாது. கடலையை யாரு ஞாபகம் வெச்சுக்குவா? எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். நான் இடத்தைத்தான் பிடிச்சு வெச்சுக்குவேன். இந்த வேருக்கு அந்தப் பக்கம், அந்தப் பாறைக்கு இந்தப் பக்கம். உனக்குக் கண்ணை மூடினாலும் தெரியற இடம் ஒண்ணுமே இல்லியா?"

செண்பகவடிவு யோசித்தாள். "எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒரு வாழை இலைதான்."

"அது போதாதா! இன்னொண்ணு கேளு. ஒரே நாள்ல ஓடி ஓடிப் பார்த்துப் பிரயோசனம் இல்ல. மறுநாள் ஒருக்கா, மூணாம் நாள் ஒருக்கா, ஏழாம் நாள் ஒருக்கா. மறந்துடுமோன்னு பயம் வர்ற நேரத்துல போய்ப் பாரு, கெட்டியா நிக்கும். ராத்திரி நல்லாத் தூங்கு. நீ தூங்கறப்பதான் உன் தலை சாமானை அடுக்கி வைக்கும்."

வீட்டுக்கு வந்து கண்ணை மூடி மனசுக்குள் இலை விரித்தாள். உப்புக் குவியலில் ஓடக்காரர் இருளப்பன் துடுப்புப் போட்டார். ஊறுகாயைக் கடித்துவிட்டு வைத்தியர் சங்கரமூர்த்தி முகத்தைக் கோணினார். அவியல் துண்டுகளைப் பூக்காரி மங்காத்தா மாலையாகத் தொடுத்தாள். அப்பளத்தின் மேல் பொன்னையா மத்தளம் வாசிக்க, அது நொறுங்கியது. சேனாபதி வீரகேசரி மீசையோடு ரசத்தில் விழுந்தார். எவ்வளவுக்கெவ்வளவு கூத்தாக இருந்ததோ அவ்வளவுக்கவ்வளவு மனசில் ஒட்டியது. மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று இலையைத் திரும்பப் பார்த்தாள். இருபது இடத்தில் இருபது பேர். இருபத்தோராவது ஆளுக்கு இலையில் இடமில்லை. "கட்டின புருஷனையா மறப்பேன்?" என்று விட்டுவிட்டாள்.

இரண்டாம் பௌர்ணமி. ஏறினாள், ஏறினாள், மலை ஏறினாள். உப்பில் தொடங்கி மோர் வரைக்கும் இருபது பேர், தடங்கல் இல்லாமல் வந்து விழுந்தார்கள். கரிமேகனுக்கு வியர்த்துவிட்டது.

"கடைசி மைனா யாரு?"

"அவுக."

"அவுகன்னா?"

"எங்க வீட்டுல."

"பேரு?"

அந்த நாட்டில் புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்லக் கூடாது. சொன்னால் அவர் ஆயுசு குறையுமாம். யார் கட்டிவிட்ட கதையோ! கல்யாணமாகிப் பதினாறு வருஷம், "இந்தாங்க", "அவுக" என்றே ஓடிவிட்டது. ஒரு தடவைகூடச் சொல்லிப் பழகாத பேர் வாசலிலேயே உதிர்ந்துபோயிருந்தது. அவள் வாயைத் திறந்து திறந்து மூடினாள். கடைசிக் கூண்டிலிருந்த மைனா கத்துவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தது. அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

"ஊரார் பேரெல்லாம் தெரியுது, சோறு போட்டவன் பேர் தெரியலியா?" என்று சிரித்தான் கரிமேகன். "ரெண்டு போச்சு."

திரும்பி வந்து பக்கத்து வீட்டுக்காரியிடம் புருஷன் பேரைக் கேட்டாள். அவள் சொன்னாள். அதை முதலில் உரலுக்குள் தலையைக் குனிந்து சொல்லிப் பார்த்தாள். காது மடல் சுட்டது. பிறகு கிணற்றுக்குள் சொன்னாள். கிணறு திருப்பிச் சொன்னதும் யாரோ கேட்டுவிட்டதுபோல ஓடி வந்துவிட்டாள். மூன்றாவதாகத் தெருவில் நின்றே சொன்னாள்.

"அடி பாவி, புருஷன் ஆயுசைக் குறைக்கவா பார்க்கிற?" என்று பெண்கள் வாயைப் பொத்தினார்கள்.

"கூண்டுல ஆயுசு கூடி என்னத்தப் பண்ண?" என்றாள்.

மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள். ராத்திரியில் நல்ல தூக்கம். அவரை இலையில் வைக்காமல், கடைசிப் பந்தியில் போலப் பக்கத்து இலையில் உட்கார வைத்தாள்.

மூன்றாம் பௌர்ணமி. ஏறினாள், ஏறினாள், மலை ஏறினாள். கரிமேகன் சும்மா இருப்பானா? புயலை ஏவினான், புகையைக் கிளப்பினான், மைனாக்களைக் காது கிழியக் கத்தவைத்தான். காற்றில் பறக்க, மனசுக்குள் இருப்பது என்ன கையில் இருக்கிற இலையா? அவள் கண்ணை மூடி இலையை விரித்தாள். உப்பில் இருளப்பன், ஊறுகாயில் சங்கரமூர்த்தி என்று இருபது பேரையும் சொல்லி முடித்தாள். பிறகு பக்கத்து இலையைப் பார்த்தாள்.

"பூதலிங்கம்!"

மலையே அதிரச் சொன்னாள். கூண்டுகள் தெறித்தன. மந்திரக்கோல் இரண்டாகப் பிளந்தது. புகை அடங்கியபோது இருபத்தோரு மனிதர்கள் நின்றார்கள். மந்திரம் போன கரிமேகன், கூப்பிட யாருமில்லாத ஒரு தனிக்கட்டையாக முற்றத்தில் உட்கார்ந்திருந்தான். மைனாக்களாகக் கத்தித் தொண்டை கிழிந்த மனிதர்களே அவனைப் பார்த்துப் பாவப்பட்டார்கள். செண்பகவடிவு, "எழுந்திரிங்க, கீழே வந்து சாப்பிடலாம்," என்று அவனையும் அழைத்துக்கொண்டாள்.

ராஜா அவளை முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார வைத்துத் தன் கையால் பரிமாறினார். பிள்ளைகளுக்கு ஞாபகப் பயிற்சி சொல்லித்தர ஒரு கூடமும் கட்டிக்கொடுத்தார். அதெல்லாம் பிறகு நடந்தது. எனக்குப் பிடித்தது மலை இறங்கும்போது நடந்ததுதான்.

"அங்க என்னமோ சொன்னியே, என்ன அது?" என்றார் அவள் புருஷன்.

"உங்க பேரு," என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

"பதினாறு வருஷத்துல உன் வாயால அதை நான் கேட்டதே இல்ல. இன்னொருக்கா சொல்லு."

சொன்னாள். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்கப்புறம் என்ன ஆயிற்றோ தெரியாது, அடிவாரம் வரும்வரை "இந்தாங்க" என்றால் அவருக்குக் காதே கேட்கவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டியிருந்தது.