குட்டை முள் நின்ற இடம்

ஒரு காட்டில், பட்டப்பகலிலும் பனிமூட்டம் கண்ணைச் சொக்கவைக்கும் காட்டில், வனக்காவலரின் சின்ன வீடு ஒன்று இருந்தது. அதன் வெளிச்சுவரில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று வட்டமானது, நெட்டை முள்ளும் குட்டை முள்ளும் சுற்றிவரும். மற்றதில் முள்ளே கிடையாது. எண்கள் மட்டும் பச்சையாக மின்னும்.

காட்டில் இருப்பவர்களுக்குக் கடிகாரம் எதற்கு என்கிறீர்களா? மலைமேல் அணை இருக்கிறது கண்ணுகளா. தினமும் மதியம் மூன்று மணிக்கு மதகைத் திறப்பார்கள். அதுவரை ஆறு வெறும் மணல். நடுவிலுள்ள திட்டில் இளம்புல் தளதளவென்று நிற்கும். மேயப் போனவர்கள் மூன்றுக்குள் கரையேறிவிட வேண்டும்.

வழக்கமாகக் காவலர்தான் முன்கூட்டியே விசில் ஊதுவார். அன்று அவர் ஊருக்குப் போய்விட்டார். தான் நேரம் பார்த்துப் பிளிறுவதாக யானை ஏற்றுக்கொண்டது. மைனா துணைக்கு வந்து உட்கார்ந்தது.

துள்ளி என்ற மான்குட்டி திட்டில் வயிறு நிறைய மேய்ந்து, பனியைப் போர்த்திக்கொண்டு தூங்கிப்போனது. எழுப்ப மனம் வராமல், நேரம் கேட்டு வரலாம் என்று தாய்மான் கரைக்கு வந்தது.

யானை வட்டக் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தது. நெட்டை முள் பத்தில் இருந்தது.

"மணி பத்து தங்கச்சி. குட்டி நன்றாகத் தூங்கட்டும்."

"குட்டை முள் வேறிடத்தில் நிற்கிறதே அண்ணா?"

"காட்டில் பெரியவன் பேச்சுதானே செல்லும்? கடிகாரத்திலும் அதேதான்."

மைனாவோ எண்களைப் பார்த்து இரண்டு ஐம்பது என்று படித்தது. படித்ததென்னவோ சரிதான். ஆனால் ஐம்பது நூறாக வளர்ந்தால்தான் மூன்று பிறக்கும், இன்னும் பாதி வழி கிடக்கிறது என்று அது கணக்குப் போட்டது. ஆளுக்கொரு மணி சொன்னாலும், அவசரமில்லை என்பதில் மட்டும் இரண்டுக்கும் ஒரே பேச்சு. தாய்மானுக்கு மனம் ஆறவில்லை.

அப்போது வட்டக் கடிகாரத்தின் கண்ணாடிமேல் ஒரு நத்தை தெரிந்தது. குட்டை முள் நகர்வதே இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள். நத்தை மட்டும் தினமும் அதன் கூடவே, அரைத்தூக்கத்தில், ஊர்ந்துகொண்டிருக்கும். தாய்மான் அதனிடம் கேட்டது.

"நாங்கள் இருவரும் பன்னிரண்டில் கிளம்பினோம் அக்கா," என்றது நத்தை. "ஒன்றைத் தாண்டினோம், இரண்டைத் தாண்டினோம். இதோ, மூன்றின் வாசலுக்கு வந்துவிட்டோம்."

தாய்மான் ஆற்றை நோக்கிப் பாய்ந்தது. குட்டைப் பயல் பேச்சை நம்பி ஓடுகிறாளே என்று யானை சிரித்தது.

பச்சை எண் ஐம்பத்தொன்பது ஆனது. அடுத்து அறுபது வரும் என்று மைனா காத்திருந்தது. அறுபது வரவே இல்லை. மூன்று வந்து நின்றது. மேலே மதகு திறக்கும் சத்தம் கேட்டது.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, அன்று நன்றாகவே சறுக்கியது. பிளிறக்கூட மறந்து அது ஓடியது. தாய்மான் பனியில் குட்டியைத் தேடி எழுப்புவதற்குள் திட்டைச் சுற்றி நுரை ஏறிவிட்டது. இறங்கப் பயந்த துள்ளி, தாயின் காலோடு ஒட்டி நின்றது. யானை நடு ஆற்றில் இறங்கி, தண்ணீர் வரும் பக்கம் தன் உடம்பைக் குறுக்கே நிறுத்தியது. அந்த மறைவில் தாயும் குட்டியும் கரையேறினார்கள். யானைக்கு வெட்கமாக இருந்தது. "என்னை மன்னித்துவிடு தங்கச்சி," என்றது.

மறுநாள் மதியம், பனிக்குள்ளிருந்து யானை மெல்ல வந்து கடிகாரத்தின் முன்னால் தலை தாழ்த்தி நின்றது.

"நத்தைத் தம்பி, குட்டையார் எங்கே வந்திருக்கிறார்? முதலில் அவரைக் கேட்டுக்கொள்கிறேன். அப்புறம் நெட்டையாரைப் பார்க்கிறேன்."

நீதி: பெரிதாகத் தெரிவதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதே; ஓசைப்படாமல் நகரும் சிறியதையும் பார்.