செத்த சுரம்

மாசிலாமணிக்கு நாற்பத்தேழு வயது. அவருடைய குருவுக்கு இருபத்து மூன்று.

குரு என்றதும் தாடியும் மௌனமும் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை. ஜெனிட்டா டீச்சர் சுண்டல் கொறித்துக்கொண்டே பாடம் எடுப்பவள். ஆனால் பேஸ் கிட்டாரை மடியில் வைத்து அந்தத் தடித்த கம்பியை ஒரு சுண்டு சுண்டினால், கதவு நிலை அதிரும். மாசிலாமணி அதுவரை யாரிடமும் கற்காமல் கேள்வி ஞானத்தில் வாசித்தவர். அவளிடம் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவள் முன்னால் உட்கார்ந்தாலே அவருக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

அன்றைக்கு அவர் வந்த கோலமே சரியில்லை.

“டீச்சர், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நல்ல கிட்டார் வாங்கினா நல்லா வாசிப்பேனா?”

“யார் என்ன சொன்னாங்கண்ணே?”

“காதர் பாய்தான்.”

காதர் பாய் மெல்லிசைக் குழுவின் தலைவர். பாடுவதும் அவரே. அவருக்குப் பின்னால் நின்று பேஸ் வாசிப்பவர் மாசிலாமணி. முந்தின நாள் ஒத்திகையில் பாய் பாட்டைப் பாதியில் நிறுத்தி, எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். “சரணத்துல நான் இழுத்து நிக்கிற எடத்துல எனக்குக் கீழ தரையே இல்ல மாசி. திருவிழாக் கச்சேரிக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா வேற ஆளத்தான் பாக்கணும்.”

“அவரைச் சொல்லிக் குத்தமில்ல டீச்சர். வாசிக்க ஆரம்பிச்சப்ப வாங்கின கிட்டார். பாவம், அது என்ன பண்ணும்? ஆனா இந்தக் குழுவையும் விட்டுட்டா, காலையில பால் பாக்கெட் போடுறதத் தவிர எனக்குன்னு ஒண்ணும் இல்ல.”



டீச்சர் சுண்டல் பொட்டலத்தை மடித்து வைத்தாள்.

“பழசையும் எடுத்துக்குங்க. கடைக்குப் போவோம்.”

இசைக்கருவிக் கடை ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்தது. கடைக்காரர் சுவரிலிருந்து ஒரு கிட்டாரை இறக்கினார். தேன் நிறம். மாசிலாமணி அதைத் தொடுவதற்கு முன்னால் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஒலிபெருக்கிப் பெட்டியில் இணைத்து, தடித்த கம்பியைத் தட்டினார்.

அடேயப்பா! ஓசை காதுக்கு வரவில்லை, கால் வழியாக ஏறியது. மூலையில் யாரும் தொடாமல் கிடந்த டிரம், தானாகச் சிலிர்த்துச் சடசடத்தது. மாசிலாமணி சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

“காதர் பாய் பாட்டை வாசிங்க,” என்றாள் டீச்சர்.

வாசித்தார். டீச்சர் இல்லையென்று தலையை ஆட்டினாள். “வேற எடுங்க.”

அடுத்ததிலும் அதே பாட்டு. “வேற.”

அதற்கடுத்ததில் வாசித்தபோது டீச்சர் அவரைப் பார்க்கக்கூட இல்லை. அவருடைய பழைய கிட்டாரை உறையிலிருந்து எடுத்து, அதன் கழுத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுக்கு என்ன குறை டீச்சர்?” மனிதருக்குக் கோபமே வந்துவிட்டது.

“கிட்டாருக்கு ஒரு குறையும் இல்ல. எதை எடுத்தாலும் நீங்க உங்க பழைய கிட்டாரைத்தான் வாசிக்கிறீங்க.”

“புரியல.”

“பாய் இழுத்து நிக்கிற எடத்துல ஏன் தாவுறீங்க?”

“நான் எங்க தாவுறேன்?”

“மறுபடி வாசிங்க. விரலைப் பாத்துக்கிட்டே வாசிங்க.”

அந்த இடம் வந்தது. கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட். அவருடைய விரல் மெல்லிய கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டை நெருங்கி, சூடுபட்ட மாதிரி விலகி, வேறொரு சுரத்துக்குப் போய் உட்கார்ந்தது. யாரோ வேறு ஆளின் கையைப் பார்ப்பதுபோல அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அட ஆமா,” என்றார் மெதுவாக. “அது செத்த எடம் டீச்சர். பழசுல அங்க அழுத்தினா ‘டொக்’குன்னு கட்டையில தட்டின மாதிரி கேக்கும். வாங்கின புதுசுலயே அப்படித்தான். அதனால சுத்தி ஒரு வழி கண்டுபிடிச்சேன்.”

“சரி. இது எந்தக் கிட்டார்?”

அவர் மடியில் இருந்ததைக் குனிந்து பார்த்தார். பிறகு பயந்து பயந்து, ஐந்தாவது ஃப்ரெட்டில் விரலை வைத்து அழுத்தினார்.

சுரம் எழுந்தது. எழுந்து நின்றது. மூலையிலிருந்த டிரம் மறுபடி சிலிர்த்தது. கடைக்காரர் தூசி தட்டிக்கொண்டிருந்த துணியோடு அப்படியே நின்றார். அது முழுக்க அடங்கும்வரை மாசிலாமணி மூச்சு விடவில்லை.

“கிடைச்சிருச்சு டீச்சர்! பாய்க்குத் தரை கிடைச்சிருச்சு!” கண்ணில் தண்ணீரோடு சிரித்தார். கடைக்காரரிடம் திரும்பி, “இதையே கட்டுங்க. பழசை மாத்திக்குங்க. அது செத்துப் பல வருசமாச்சு,” என்றார்.

டீச்சர் பழைய கிட்டாரைப் பெட்டியில் இணைத்து அவர் மடியில் வைத்தாள்.

“போகும்போது சொல்லிட்டு அனுப்புங்கண்ணே. அங்க ஒரு தடவை அழுத்துங்க.”

“எங்க? அந்த எடத்துலயா? அதுல என்னத்தக் கேக்க?”

“எனக்காக.”

குருவின் பேச்சைத் தட்ட முடியுமா? மாசிலாமணி முகத்தைச் சுளித்தபடியே அழுத்தினார்.

டிரம் சிலிர்த்தது.

சுரம் புதுக் கிட்டாரின் சுரம்போல அவ்வளவு உருண்டையாக இல்லை. கொஞ்சம் கரகரப்பு. ஆனால் முழுசாக இருந்தது. அடியில் தரைபோல விரிந்து அப்படியே நின்றது.

கடைக்காரர் குனிந்து பார்த்தார். “ஆறாவது ஃப்ரெட்டை யாரோ தேச்சிருக்காங்க சார். முன்ன அதுதான் தூக்கிக்கிட்டு கம்பியில இடிச்சிருக்கும். ரிப்பேருக்கு ஏதும் குடுத்தீங்களா?”

குடுத்தார்தான். ஒயர் போடுகிற ஓட்டை லொடலொடத்தபோது. ரிப்பேர்காரர் திருப்பித் தரும்போது “எல்லாம் பாத்துட்டேன்” என்று சொன்னார். எல்லாம் என்றால் என்னென்ன என்று மாசிலாமணி கேட்கவில்லை. அது நடந்து எத்தனையோ கச்சேரிகள் ஆகிவிட்டன. அத்தனையிலும் அவர் தாவியிருக்கிறார். 

“அப்படின்னா… எப்போலேருந்து டீச்சர் இது உயிரோட இருக்கு?”

“என்னைக் கேட்டா? கடைசியா எப்ப அங்க விரல் வச்சீங்க, அண்ணே?”

மாசிலாமணி மறுபடி அங்கேயே அழுத்தினார். விரலை எடுக்கவே இல்லை.